இரண்டு புள்ளிக்குப் பாம்பு ஏன் தாய்வீடு கேட்கிறது

அந்தக் காலத்தில், கணினிக் கோப்புகளுக்கு வாயும், அவற்றை ஓட்டும் பைத்தான் மொழிக்கு வாலும் இருந்த காலத்தில், பேருந்து வளவு என்று ஒரு வளவு இருந்ததாம். ஒரே சுற்றுச்சுவருக்குள், நடுவில் முற்றம், இரண்டே வீடு. அச்சு வீட்டில் பலகை என்றொரு கோப்பு இருந்தான். எதிரே நேர வீட்டில் பட்டியல் இருந்தாள். எந்த பஸ் எத்தனை மணிக்கு என்பது அவளுக்குத்தான் தெரியும். அதை வாங்கி பஸ் ஸ்டாண்டில் பளிச்சென்று காட்டுவது பலகையின் வேலை.

வளவுக்காரர்கள் தங்களுக்குள் முழு விலாசம் சொல்லமாட்டார்கள். வளவின் பெயரை எப்போது மாற்றுவார்களோ, யார் கண்டது? பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி வைத்தால், 'எங்கள் வீட்டுக்குள் பார்.' இரண்டு புள்ளி வைத்தால், 'வெளியே முற்றத்துக்குப் போய்ப் பார்.' "இரண்டு புள்ளி, நேர வீடு, பட்டியல்" என்பான் பலகை. வாசலில் சுருண்டு கிடக்கும் பைத்தான் பாம்பு போய்க் கூட்டிவரும்.

ஆனால் வேலைக்குக் கிளம்புகிறவர் வாசலில் நின்று, "பேருந்து வளவு, அச்சு வீடு, பலகை" என்று பாம்பிடம் முழுப்பெயரும் சொல்ல வேண்டும்; அப்போதுதான் எந்த முற்றம் என்று அதற்குத் தெரியும். பலகைக்கு அதுதான் பிடிக்கவில்லை.

"ஊரே என் மூஞ்சியப் பார்த்துத்தான் பஸ் ஏறுது. எனக்கெதுக்கு வளவுப் பேரு?"

"சொன்னா வாய் தேஞ்சா போயிரும்?" என்றாள் பட்டியல்.

ஒருநாள் விடியற்காலையில் பலகை பின்சுவர் ஏறிக் குதித்தான். தெருவில் தனியாக நின்று பாம்பைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, என்னை மட்டும் ஓட்டுங்க" என்றான். பாம்புக்கு அப்போதெல்லாம் யாரிடமும் முடியாது என்று சொல்லத் தெரியாது.

"இரண்டு புள்ளி, நேர வீடு, பட்டியல்."

எந்த முற்றம் என்று பாம்பு கேட்கவில்லை. அவன் நின்ற தெருவிலிருந்து ஒரு படி வெளியே போனது. அங்கே படகுத்துறை வளவு. அங்கேயும் ஒரு நேர வீடு, ஒரு பட்டியல்; அவளுக்குத் தெரிந்தது படகு நேரம். கூட்டி வந்துவிட்டது. பலகையில் பளிச்சென்று எழுந்தது: அடுத்தது 7.40.

பஸ் ஸ்டாண்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த உலகம்மாள் அதைப் பார்த்துவிட்டு, நிதானமாக டீ குடிக்கப் போனாள். 6.10 பஸ் காலியாகப் போனது.

திரும்பி வந்து விஷயம் தெரிந்ததும் பலகைக்கு நேரே நின்றாள்.

"ஏலே, எட்டு மணிக்கு என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாலி என் பையில கிடக்கு. அங்க மாப்பிள்ளை என்னத்தக் கட்டுவான், உன் தலையையா?"

பலகைக்கு எழுத்தெல்லாம் மங்கிப்போனது. "இரண்டு புள்ளி சரியாத்தானே சொன்னேன்..." என்று முனகினான்.

"எங்கேயிருந்து இரண்டு புள்ளின்னு நான் கேட்டிருக்கணும், தம்பி" என்றது பாம்பு. "தாய்வீடு எந்த வளவுன்னு தெரியாம இனி ஒரு படி ஏறமாட்டேன். தப்பான ஆளைக் கூட்டிவர்றதுக்கு, நின்னுபோறதே மேல்."

உலகம்மாள் பையை மாரோடு அணைத்து, சேலையை வரிந்து செருகிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். அடுத்த பஸ்ஸுக்கு நின்றால் முகூர்த்தம் தப்பிவிடும்; மண்டபம் ஆறு மைல். அவள் வளைவு திரும்பி மறையும் வரை பலகை பார்த்துக்கொண்டே நின்றான்.

அன்று முதல்தான், வளவின் பெயர் சொல்லாமல் தனியே வந்த கோப்பு புள்ளி வைத்துக் கூப்பிட்டால், "உன் தாய்வீடு எனக்குத் தெரியவில்லை" என்று பைத்தான் அங்கேயே நின்றுவிடுகிறது.