மூன்று ஊரில் ஒரு முதலை

நாவலேரி என்றொரு நாடு. முன்னொரு காலத்தில் அதைத் தீரசிங்கன் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட சட்டத்தை மாலையில் கிழிப்பார். நடுவில் நேரம் கிடைத்தால் தன் வீரக் கதைகளைச் சொல்வார். முதலையோடு அவர் மல்லுக்கட்டிய கதையைச் சபையோர் எத்தனை தடவை கேட்டிருப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. எந்த இடத்தில் "ஆகா" போட வேண்டும் என்பது மட்டும் தூக்கத்திலும் தெரியும்.

அவருடைய மந்திரி அறவாழி. ஊர்ப் பள்ளிக்கூடங்களைக் கவனிப்பதற்கென்றே அவர் ஒரு பள்ளிச் சாவடி வைத்திருந்தார். அங்கிருந்து பிள்ளைகளுக்கு மத்தியானக் கஞ்சி போகும், ஓலையும் எழுத்தாணியும் போகும், மழைக்காலத்தில் ஓலைக்குடைகூடப் போகும். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் மெல்ல மெல்லப் பள்ளிக்கூடத்தில் வந்து உட்கார்ந்தார்கள். மந்திரி வீதியில் போனால் ஓடிவந்து மொய்த்துக்கொள்வார்கள். சபையில் இருந்த கஸ்தூரிராயருக்கு இது பொறுக்கவில்லை. அவரைக் கண்டால் நாய்கூடத் தள்ளித்தான் போகும்.

"பிரபு, கஞ்சி குடித்த பிள்ளை தூங்கிவிடும். காய்ந்த வயிறுதான் படிக்கும். மூன்று மாதம் சாவடியை என்னிடம் விட்டுப் பாருங்கள்" என்றார் ராயர்.

ராஜா அப்போதுதான் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். யோசனை அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

மூன்று மாதம் போனது. "நாளைக்கு மூன்று ஊர்ப் பள்ளிகளை நானே நேரில் பார்ப்பேன். பிள்ளைகள் டாண் டாணென்று பதில் சொன்னால் கஞ்சி இனி என்றைக்கும் கிடையாது, சாவடிக்கும் பூட்டுத்தான்" என்று அறிவித்தார் ராஜா.

கஞ்சி நின்ற மறுவாரமே பிள்ளைகள் மாட்டுக்குப் பின்னால் போய்விட்டது மந்திரிக்குத் தெரியும். வாயைத் திறந்தால் பொறாமையில் பேசுகிறார் என்பார்கள். பேசாமல் பல்லக்கின் கூடவே நடந்தார்.

முதல் ஊர் மருதங்குளம். எண்ணெய் வைத்து வாரிய தலையும் தோளில் பச்சைத் துண்டுமாகப் பன்னிரண்டு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். கேட்ட வாய்ப்பாட்டையெல்லாம் மழையாகப் பொழிந்தார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் மந்திரி. அவருக்கு ஒரு முகமும் பிடிபடவில்லை.

"இவர்கள் இந்த ஊர்ப் பிள்ளைகள் மாதிரி இல்லையே" என்றார்.

"கஞ்சியை நிறுத்தியதும் முகத்தில் களை வந்துவிட்டது, மந்திரியாரே" என்றார் ராயர்.

பள்ளிக்குப் பின்னால் ராயர் வீட்டுக் கூண்டுவண்டி நின்றது. மாடுகள் நுரை தள்ளிக்கொண்டிருந்தன. மந்திரிக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"பிரபு, இவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குப் பரிசாக அந்த முதலைக் கதையைச் சொல்லக் கூடாதா?"

ராஜாவின் முகம் மலர்ந்தது. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். இப்படி ஒரு கூட்டத்தை அவர் பார்த்துப் பல வருஷம் ஆகியிருந்தது. "கையைத் தோள்பட்டை வரைக்கும் முதலை வாய்க்குள் விட்டேன்..." என்று அவர் சொன்னபோது மந்திரி எழுந்துவிட்டார்.

"அடுத்த ஊருக்கு நேரமாகிறது, பிரபு."

பல்லக்கு தாரை தப்பட்டையோடு பெரிய சாலையில் போய், இரண்டு இடத்தில் இளநீருக்கு நின்றது. கூண்டுவண்டி ஏரிக்கரையில் குறுக்கே பறந்தது.

இரண்டாவது ஊர் கொன்றைப்பட்டி. அதே பன்னிரண்டு பிள்ளைகள், தோளில் இப்போது சிவப்புத் துண்டு. ராஜா கண்ணாடியைத் தவிர வேறெங்கும் முகம் பார்த்துப் பழகாதவர். அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. கேள்வி பதில் எல்லாம் முடிந்ததும் கடைசி வரிசையிலிருந்து பவளாயி என்ற சிறுமி எழுந்தாள். ராயருடைய தங்கை மகள் அவள்.

"ராஜா, அந்தக் கை என்ன ஆச்சு?"

மந்திரி இதற்காகத்தான் காத்திருந்தார். ராயருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் ஆள் லேசுப்பட்டவரா?

"பிரபு, தங்கள் கதை தங்களுக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது. அவ்வளவு புகழ்."

"அப்படித்தான் இருக்கும்" என்றார் ராஜா, மீசையைத் தடவிக்கொண்டு.

மந்திரிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ராஜா மிச்சக் கதைக்குத் தொண்டையைச் செருமினார். "அடுத்த ஊருக்கு நேரமாகிறது, பிரபு" என்று இந்தத் தடவை ராயர் அவசரப்படுத்தினார்.

மூன்றாவது ஊர் பனையடி. தோளில் மஞ்சள் துண்டு. முதலைப் பேச்சை எடுத்தால் தோலை உரிப்பேன் என்று ராயர் மிரட்டி வைத்திருந்தார். ராஜா வந்து உட்கார்ந்தார். வாய்ப்பாடு எதுவும் கேட்கவில்லை. அந்தக் கை என்ன ஆயிற்று என்று யாராவது கேட்பார்களா என ஆசையாகப் பார்த்தார். ஒருவரும் கேட்கவில்லை.

"என் கதை இந்த ஊருக்கு வரவில்லையா?" என்றார், குரல் இறங்கிப்போய்.

"வரவில்லை போலிருக்கிறது, பிரபு. பாவம், முதலிலிருந்து சொல்லிவிடுங்கள்" என்றார் மந்திரி.

"ஒருநாள் நான் ஆற்றில் குளிக்கப் போனேன்..."

பவளாயியால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றுவிட்டாள்.

"மாமா, நீங்க பேசக் கூடாதுன்னு சொன்னீங்க. ஆனா ராஜா மறுபடியும் குளிக்கப் போறாரே. முதல் ஊர்ல விட்ட கை, இன்னும் முதலை வாய்லயே இருக்கு."

ராயர் மேல்கூரையைப் பார்த்தார். ராஜா அன்றைக்கு முதல்முறையாகப் பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இந்த ஊர்ப் பிள்ளைகள் எங்கே?"

மந்திரி வெளியே கைகாட்டினார். மாடுகளுக்கு நடுவில் நின்று சில பிள்ளைகள் பல்லக்கை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராஜா ஒருத்தியைக் கூப்பிட்டு, பள்ளிக்கு ஏன் வரவில்லை என்று கேட்டார்.

"மாடு மேய்ச்சா அந்த வீட்ல மத்தியானம் கூழ் ஊத்துறாங்க. இங்க ஊத்துறதை நிறுத்திட்டாங்க" என்றாள் அவள்.

ராஜாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பிறகு ராயர் பக்கம் திரும்பினார்.

"ராயரே, ஒரே பன்னிரண்டு பிள்ளைகளை ஒரே நாளில் மூன்று ஊரில் உட்காரவைத்த கெட்டிக்காரர் நீர். நாளை முதல் மூன்று ஊருக்கும் உச்சி வேளைக் கஞ்சியை உம் கையாலேயே ஊற்றும். எந்த ஊரிலும் நேரம் தவறக் கூடாது. உமக்கு இதெல்லாம் ஒரு காரியமா?"

மந்திரிக்கு முத்துமாலையைக் கழற்றி நீட்டினார். மந்திரி வாங்கவில்லை.

"சாவடிக்கு இனி பூட்டு இல்லை என்று ஓர் ஓலை போதும், பிரபு. இன்னொன்று, அந்த மிச்சக் கதையைப் பள்ளிக்கூடத்தில்தான் சொல்ல வேண்டும்."

மறுநாள் கூண்டுவண்டியில் கஞ்சிப் பானையும் அகப்பையுமாக ஏரிக்கரையில் பறந்தவர் ராயர். பிள்ளைகள் மாட்டை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். பவளாயியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

ராஜா கையை எப்போது வெளியே எடுத்தார் என்று கேட்கிறீர்களா? எங்கே எடுத்தார்! பள்ளிக்கூடம் நிரம்பி வழிகிற வரைக்கும் எடுக்கவே வேண்டாம் என்று மந்திரி சொல்லிவிட்டாரே.