ராக்கியப்பன் கொண்டுவந்த மனு

"சாமி, எங்க சங்கத் தலைவர் வாயில்லாத ஆளுங்க. அவரை எப்படி மாத்தறது?"

மடத்து வாசலில் நின்றபடியே கேட்டார் ராக்கியப்பன். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

மடத்துத் துறவி மரகதம்மாளுக்கு அவரைவிடப் பத்து வயது குறைவு. ஆனாலும் ஏழு வருடமாக அந்த அம்மாள்தான் ராக்கியப்பனுக்குக் குரு.

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மாள் நிமிரவில்லை.

"என்ன ஆச்சு?"

"கோமாரி வந்து ஊருல நாப்பது மாடு போச்சுங்க. எனக்கு மட்டும் மூணு. மூணும் கறவை. வாயெல்லாம் புண்ணாகி, தண்ணிகூட இறங்காம, என் கண்ணு முன்னாடியே ஒண்ணொண்ணா விழுந்துச்சு. நானேதான் குழி வெட்டினேன்."

அம்மாளின் கை நின்றது.

"பால்காரங்க சங்கத்துக்குத் தலைவர்னு ஒருத்தர் எதுக்குங்க? அதிகாரிங்க கூட்டத்துல கையைக் கட்டி உக்காந்துட்டு வந்தாரு. ஒரு மனு குடுத்தாரு. அதோட சரி. மூணு மாசமாச்சு, யாரும் எட்டிப் பாக்கல."

"அந்த மனு இருக்கா?"

"நகல் இருக்குங்க. எல்லாருக்கும் குடுத்தாங்க."

பையிலிருந்து எடுத்து நீட்டினார். அம்மாள் வாங்கவில்லை.

"நீங்களே வாசிங்க."

"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் ஊரில் கோமாரி நோய் முழுவதும் கட்டுக்குள் உள்ளது. மாடுகள்..."

வாசிப்பதை நிறுத்தினார்.

"ம்."

"மாடுகள் எதுவும் இறக்கவில்லை. உரிய நேரத்தில் தடுப்பூசி போட்ட அதிகாரிகளுக்கு எங்கள் மனமார்ந்த நன்றி."

ராக்கியப்பன் தாளை மறுபடி மேலிருந்து பார்த்தார்.

"அடப்பாவி! இது மனுவே இல்லைங்களே, சாமி! எங்களை வித்துட்டானே!"

"கீழே என்ன இருக்கு?"

"கையெழுத்துங்க."

"யார் யாரோடது?"

ராக்கியப்பன் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார். பதினொன்றாவது பெயரில் விரல் நின்றது. நின்றது நின்றதுதான்.

"சொல்லுங்க."

"என்னோடதுங்க."

"மிரட்டி வாங்கினாங்களா?"

"இல்லைங்க. சங்கத்துல நீட்டினாங்க. எல்லாரும் போட்டாங்க. நானும்..."

"வாசிக்கல."

ராக்கியப்பன் தலையாட்டினார்.

மரகதம்மாள் கீரையை ஒதுக்கிவிட்டு எழுந்தார்.

"அப்போ உங்க மூணு மாடும் உயிரோடதான் இருக்கு. போங்க. போய்ப் பால் கறங்க."