வடக்கறையில் அசைவில்லை

தாமிரபரணிக் கரையில் ஒரு பழைய மடம். முந்நூறு வருஷத்துச் சுண்ணாம்புச் சுவர், முப்பத்தாறு அறை. ஆள் என்னவோ ஐந்தே பேர்.

சங்குமுத்து மின்வாரியப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு வீட்டில் இருப்புக்கொள்ளாமல் இங்கே சீடராக வந்து சேர்ந்தார். குருவோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். தினமும் காலையில் மேற்கு மண்டபத்தில் இருவரும் ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பார்கள். சங்குமுத்துவுக்கு அது ஒன்றுதான் ஆறுதல்.

மண்டபச் சுவர் ஈரம் குடித்து உதிரத் தொடங்கியது. சாரம் கட்டினார்கள். சங்குமுத்து சும்மா இருப்பாரா? அறைக்கு அறை கருவி பொருத்தினார். எந்தச் சுவரில் ஈரம், எந்த அறையில் ஆள் என்று முன்கட்டுக் கணினி சொல்லிவிடும். ஆள் அசைந்தால் விளக்கு எரியும். ஐந்து நிமிடம் அசைவில்லை என்றால் அணையும்.

சுவர் பிழைத்தது. மின்சாரச் செலவு பாதியானது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. திரையை விட்டு நகரவே மாட்டார். குருவைப் பந்தியில் பார்ப்பதோடு சரி.

மூன்று மாதம் கழித்து, ஆளில்லாத அறைகளின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டப் பட்டியல் போட்டார். முதலில் வடக்கறை. அங்கே நாளுக்கு இரண்டு முறை மட்டும் ஏதோ அசைவு. ‘பூனை’ என்று குறித்துக்கொண்டு பூட்டோடு போனார்.

கதவைத் திறந்ததும் விளக்கு எரிந்தது. ஜன்னலே இல்லாத அந்த அறையில் குரு அசையாமல் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னொரு பாய் விரித்திருந்தது.

“சாமி, இங்கயா இருக்கீங்க?”

“மண்டபத்துல சாரம் கட்டினதுல இருந்து இங்கதான், அண்ணாச்சி.”

“இருட்டுலயா? கைய லேசா ஆட்டினா வெளக்கு எரியுமே!”

“எனக்கு எதுக்கு வெளக்கு? வர்றவங்களுக்குத்தானே வேணும்.”

சங்குமுத்துவுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

“கருவி தப்பாக் காட்டிட்டு சாமி. ஆளே இல்லைன்னுட்டு. இன்னைக்கே மாத்திருதேன்.”

“அது தப்பாச் சொல்லலையே,” என்றார் குரு. “மூணு மாசமா இங்க யாரும் வரலைன்னுதானே சொல்லுச்சு?”

சங்குமுத்து பூட்டைக் கீழே வைத்தார். அந்தப் பாயில் உட்கார்ந்தார்.

ஐந்து நிமிடத்தில் விளக்கு அணைந்தது. இருவருமே கையை ஆட்டவில்லை.