வெளிச்சம் தலை சாய்த்த வாசல்

"இந்தக் குளத்து மீனைப் பிடிக்க மூளையே வேண்டாம் மச்சான், கழுத்து இருந்தாப் போதும்."

அந்தக் காலத்தில், மீனுக்கும் கொக்குக்கும் ஒரே பேச்சு இருந்தபோது, ஒரு கொக்கு தன் மச்சானிடம் இப்படிச் சொன்னது செவ்வரி என்ற கெண்டை மீனின் காதில் விழுந்தது. கோரைப் புல் மறைவில் அவள் அசையாமல் நின்றாள்.

"நாளைக் காலையில தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு வாங்க. கரையோரம் கெண்டைக் குஞ்சு பொரிச்சிருக்கு. வெள்ளரிப் பிஞ்சு மாதிரி இருக்கும்."

அந்தக் குஞ்சுகள் செவ்வரியுடையவை.

செவ்வரி அதிகம் பேசமாட்டாள். கூட்டத்தில் எப்போதும் கடைசியாகத்தான் நீந்துவாள். ஆனால் எதையும் உற்றுப் பார்ப்பாள். வெளிச்சம் என்பவள் கரும்பாறையிடம் போனால் பாறை அவளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்த பிறகும் அதன் வயிறு சுடும். வெள்ளை மணல் அவளை நாலா பக்கமும் சிதறடிக்கும். படியில் யாரோ கவிழ்த்து வைத்த செம்புக் குடம் வந்த வேகத்திலேயே திருப்பி அனுப்பும். குளத்து நீரான குளத்தம்மா மட்டும்தான் வா என்றும் சொல்லாமல், நில் என்றும் சொல்லாமல் உள்ளே விட்டுவிடுவாள். வெளிச்சமும் வெளியே ஓடிய அதே ஓட்டத்தில், கொஞ்சமும் திரும்பாமல், அடிமண் வரை போய் வருவாள். மீன் இருக்கும் இடத்தை அப்படியே கொண்டுபோய்க் கொக்கின் கண்ணில் வைப்பாள்.

வெளிச்சம் கொஞ்சம் வளைந்தால் போதும், கொக்கின் குறி தப்பிவிடும்.

செவ்வரி குளத்தம்மாவிடம் போனாள். "அம்மா, எருமைகூட உங்ககிட்ட வந்தா ஓட்டத்தைக் குறைச்சுக்குது. இந்த வெளிச்சம் மட்டும் ஏன் தலைதெறிக்க ஓடணும்? தடுத்து நிறுத்துங்க."

"மெதுவாப் பேசுடி," என்றாள் குளத்தம்மா, ஓர் அலைகூட எழுப்பாமல். "அவ மேலிடத்துப் பொண்ணு. கோவிச்சுக்கிட்டு வராமலே போயிட்டா பாசி எப்படிப் பச்சை பிடிக்கும்? நீயெல்லாம் என்னத்தைத் தின்பே?"

"அப்போ நானே கேக்கறேன்."



விடிந்தது. கரையில் கொக்குக் குடும்பமே வரிசையாக நின்றது. இளவெயிலின் வெளிச்சம் சாய்வாக ஓடி வந்தாள். செவ்வரி நீர்மட்டத்துக்கே ஏறி வந்தாள்.

"அக்கா, நில்லுங்க!"

வெளிச்சத்தை அதுவரை யாரும் நிற்கச் சொன்னதில்லை. "என்னையா சொல்றே? நான் யாருக்கும் வளைஞ்சவ இல்ல, தெரியுமா?"

"தெரியும்க்கா. ஆனா இது பிள்ளை பெத்த வீடு. எங்க வாசல் தாழ்வு. வரும்போதும் போகும்போதும் கொஞ்சம் தலையைச் சாய்ச்சுக்குங்க, உள்ளே மெல்ல நடங்க. உச்சிப் பொழுதுல நேர் மேலேர்ந்து இறங்கினா சாய வேண்டாம், மெல்ல நடந்தாப் போதும்."

வெளிச்சம் கீழே பார்த்தாள். ஊசிமுனை அளவு குஞ்சுகள், உடம்பெல்லாம் கண்ணாடி போல, கண் மட்டும் கறுப்பாக. பிள்ளை தூங்கும் வீட்டுக்குள் செருப்புக் காலோடு ஓடி வந்தவள் போல அவளுக்கு வெட்கமாகிவிட்டது.

"இத்தனை நாள் யாரும் சொல்லலையே," என்றவள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலை சாய்த்தாள். திசை சற்றே மாறியது. உள்ளே மெல்ல நடந்தாள். குஞ்சுகளைத் தொட்டுத் திரும்பியபோதும் வாசலில் மறுபடி சாய்ந்துதான் வெளியேறினாள்.

கொக்குக்கு இது தெரியாது. வெளிச்சம் எப்போதும் நேராகத்தான் வருவாள் என்று நம்பி, குஞ்சுகள் தெரிந்த இடத்தில் ஓங்கிக் குத்தியது. குஞ்சுகளோ அதற்கும் கீழே இருந்தன. அலகில் வெறும் தண்ணீர். மறுபடி குத்தியது. அப்புறம் வந்த ஆத்திரத்தில் குத்தியபோது தலைகுப்புற விழுந்து, கோரை வேரைக் கவ்விக்கொண்டு எழுந்தது.

"கழுத்து இருந்தாப் போதும்னீங்களே மச்சான்!" என்று மச்சான் கொக்கு இறக்கை அடித்துச் சிரித்தது. குளத்தம்மா கரைக்குக் கரை அலையடித்துச் சிரித்தாள்.

செவ்வரி கூட்டத்தின் முன்னால் போய் நின்று, "வாங்கடா," என்று குஞ்சுகளைக் கூப்பிட்டாள்.

அன்று முதல்தான், கொக்கு ஒற்றைக் காலில் நின்று, கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து நெடுநேரம் பார்க்கிறது. அது குறி பார்த்து முடிப்பதற்குள், கெண்டை தன் குஞ்சுகளோடு அந்த ஒற்றைக் காலையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விடுகிறது.