சீனி போட்டியளா?

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாந்து திரும்புவார்கள். நாலு அறை, ஓர் அடுக்களை, பின்பக்கம் ஓர் ஓடை, அவ்வளவுதான். அதை நடத்தி வந்த அம்மைக்கு நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அவரிடம் சீடராகச் சேர வந்த குற்றாலிங்கத்துக்கு அறுபத்து நாலு.

மனைவி உலகம்மாள் இறந்து பதினாறாம் நாள் காரியமும் முடிந்திருந்தது. வந்த உறவெல்லாம் பஸ் ஏறிப் போன மறுநாள், ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு அவரும் பஸ் ஏறிவிட்டார்.

“எதுக்கு வந்திருக்கிய?” என்று அம்மை கேட்டார்.

“ஒரு கேள்வி இருக்கு, அம்மை. பதில் தெரிஞ்சா போயிருதேன். தெரியலைன்னா இங்கேயே கெடக்கேன்.”

“கேளுங்க.”

“என் வீட்டுக்காரி சாகுறதுக்கு முந்தின நாள் காப்பிக்குச் சீனி கேட்டா. நான் குடுக்கலை. என்னைப் பத்தி என்ன நெனச்சுக்கிட்டுப் போயிருப்பா?”

அம்மை பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“காப்பி போடத் தெரியுமா?”

“ஒரு வருசமா வீட்டுல நான்தான் போட்டேன்.”

“அப்ப நாளையிலிருந்து அடுக்களையப் பாத்துக்கிடுங்க. காலையில எனக்கு ஒரு காப்பி. ரெண்டு கரண்டி சீனி.”

கேட்டது ஒன்று, கிடைத்தது அடுக்களை. குற்றாலிங்கம் பையைச் சுவரோரம் வைத்துவிட்டு அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்க்கப் போனார்.

அன்று ராத்திரி அம்மை கேட்டதற்கு அவர் தன் வேலையைச் சொன்னார். அந்தக் கதையைச் சொன்னால் சிரிப்பு வரும். முப்பத்தைந்து வருடம் எடைக்கல்லுக்கு முத்திரை போடும் இன்ஸ்பெக்டராக இருந்தவர். ஊர் ஊராகப் போய்க் கடைக்காரர்களின் தராசைச் சோதிப்பார். கல்லைக் கையில் தூக்கிப் பார்த்தே பத்து கிராம் குறைவதைச் சொல்லிவிடுவார். எடைக்கல் சார் வருகிறார் என்றால் சந்தையே நிமிர்ந்து உட்காரும். அப்பேர்ப்பட்ட மனிதர் ஓய்வு பெற்று வந்து, சொந்த வீட்டில், கட்டிய மனைவிக்கு அளவு குறைத்தார்.

உலகம்மாளுக்குச் சுகர் ஏறிப்போயிருந்தது. காப்பிக்கு இரண்டரைக் கரண்டி சீனி போடுகிற கை அவளுக்கு. டாக்டர் சொன்னார், மகன் போனில் சொன்னான், குற்றாலிங்கம் தொண்டை வற்றச் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டரைக் கரண்டி போட்டுக்கொள்வாள். கோபப்பட்டால், “இந்த நாக்கு வேற என்னத்தக் கண்டுது?” என்பாள்.

ஆகவே ஒரு நாள், “நாப்பது வருசம் நீ போட்டுக் குடுத்த. இனிமே காப்பி என் வேலை” என்று அடுக்களைக்குள் நுழைந்தார். அவள் சிரித்தாள். பால் பொங்கி வழிந்ததைப் பார்த்து இன்னும் சிரித்தாள். ஆனால் விட்டுக்கொடுத்தாள்.

முதல் வாரம் இரண்டரையே போட்டார். அடுத்த வாரம் கரண்டியின் தலையைத் தட்டிவிட்டுப் போட்டார். பிறகு இரண்டேகால், இரண்டு, ஒன்றே முக்கால். டிக்காஷனை இளக்கினார், பாலைக் கொஞ்சம் கூட்டினார். அவளுக்குக் குறைத்ததைத் தனக்கும் குறைத்துக்கொண்டார், அதில் ஓரவஞ்சனை கிடையாது. நாலு மாதத்தில் கரண்டி சீனி டப்பாவுக்குள் போகிற வேலையே இல்லாமல் ஆயிற்று. உலகம்மாள் தினமும் குடித்தாள். காப்பி எப்படி என்று கேட்டால் நல்லாத்தான் இருக்கு என்பாள். அவர் உள்ளுக்குள் தன் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டார்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது என்றார்கள். மத்தியானம் போய்விட்டாள். ரத்தம் சோதித்த சீட்டைப் பார்த்துவிட்டு அங்கிருந்த டாக்டர், “சுகர் நல்லா கட்டுக்குள்ளதான் இருந்திருக்கு. கவனமாப் பாத்திருக்கீங்க” என்றார். நல்ல மனிதர், ஆறுதலாகத்தான் சொன்னார். குற்றாலிங்கத்துக்கு அது செருப்படியாக விழுந்தது.

மடத்தில் முதல் நாள் காலை. அம்மையின் அறை ஜன்னலில் ஒரு மாத்திரை அட்டை இருப்பதைக் குற்றாலிங்கம் பார்த்தார். சுகருக்கு உலகம்மாள் தின்ற அதே மாத்திரை. அடுக்களைக்குப் போய்ச் சீனி டப்பாவைத் திறந்தார். மூடி வைத்துவிட்டார்.

காப்பியைக் கொண்டுபோய் வைத்ததும் அம்மை கேட்டார்.

“சீனி போட்டியளா?”

குற்றாலிங்கம் காப்பி சிந்தாத தட்டைக் கையால் துடைத்தார்.

“போட்டிருக்கேன், அம்மை.”

அம்மை குடித்தார். மிச்சம் வைக்கவில்லை. டம்ளரைத் தாமே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனார்.

மறுநாளும் அதே காப்பி, அதே கேள்வி, அதே பதில். அதற்கு மறுநாளும் அப்படியே. அவர் சமைத்ததை அம்மையும் மடத்துக்கு வந்துபோகிறவர்களும் சாப்பிட்டார்கள். ரசத்தில் உப்பு கூடினால் அம்மை சொன்னார், சாதம் குழைந்தால் சொன்னார். காப்பியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை வரவில்லை. குற்றாலிங்கத்துக்குச் சோறு இறங்காமல் ஆனது. வேட்டியை இறுக்கி இறுக்கிக் கட்ட வேண்டி வந்தது. காலையில் பால் காய்ச்சும்போதே அந்தக் கேள்வி அவர் காதில் விழத் தொடங்கிவிடும்.

பத்து நாள் பொறுத்தார். பதினோராம் நாள் அடக்க முடியவில்லை.

“அம்மை, நான் கேட்டதுக்கு இன்னும் நீங்க பதில் சொல்லலை.”

“நீங்க இன்னும் கேக்கலையே.”

“வந்த அன்னைக்கே கேட்டனே.”

“அன்னைக்குக் கேட்டது முழுசு இல்லை” என்றார் அம்மை. “சந்தையில ஒருத்தன் தராசைத் துணியால மூடிக்கிட்டு எடை சரியான்னு கேட்டா நீங்க என்ன சொல்லுவிய?”

குற்றாலிங்கம் அடுக்களைக்குத் திரும்பினார். அன்று குழம்பு அடிப்பிடித்துவிட்டது.

உலகம்மாள் இறந்து ஒரு மாதம் ஆன நாள் வந்தது. ஒரு சிறிய அகலை ஏற்றி வைத்துவிட்டு, சாயங்காலம் ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்த அம்மையின் முன்னால் வந்து நின்றார். கையில் அந்தத் துணிப்பை இருந்தது. அதிலிருந்து ஒரு கம்பியை எடுத்தார். கம்பியில் தேதி கிழித்த காலண்டர் தாள்கள் கொத்தாகக் குத்தியிருந்தன.

“இது என்ன?”

“மளிகைச் சீட்டு, அம்மை. மாசாமாசம் அவதான் எழுதுவா. நான் சட்டைப் பையில வச்சுக் கடையில குடுப்பேன். சாமானோட திரும்பி வரும். அவ இந்தக் கம்பியில குத்தி வைப்பா.”

“நீங்க படிச்சதில்லையா?”

“ஊருச் சீட்டெல்லாம் படிச்சேன். இதப் படிக்கலை.”

அவர் கம்பியைச் சாய்த்து ஒவ்வொரு தாளாக நகர்த்தினார். பென்சில் எழுத்து. துவரம்பருப்பு, புளி, மிளகாய்வத்தல், சீனி. முதல் தாளில் சீனி இரண்டு கிலோ. அடுத்ததில் ஒன்றரை. அதற்கடுத்து ஒன்று. பிறகு அரை. ஐந்தாவது தாளில் சீனி என்று எழுதி, கோடு போட்டு அடித்திருந்தாள். அதற்குப் பின்னால் இருந்த ஏழு தாள்களிலும் அந்தச் சொல்லே இல்லை.

“டப்பாவுல சீனி குறையலைங்கிறது சாமான் எழுதுறவளுக்குத் தெரியாம இருக்குமா? எனக்கு அது புத்தியில படலை. முதல் மாசமே கண்டுபிடிச்சிருக்கா. ஒரு வார்த்தை கேக்கலை. நான் ஏமாத்துறேன்னு நான் நெனச்சேன், அவ ஏமாந்த மாதிரி இருந்திருக்கா. காரியம் முடிஞ்ச அன்னைக்கு அடுக்களையில இந்தக் கம்பியப் பாத்தேன். அதோட என் தூக்கம் போச்சு.”

அம்மை கோடு போட்டு அடித்திருந்த தாளைத் தொட்டுப் பார்த்தார்.

“நான் உங்ககிட்ட வேற மாதிரி சொல்லிட்டேன், அம்மை. சீனி கேட்டா, குடுக்கலைன்னு சொன்னேன். அது அப்படி இல்லை.”

“எப்படி?”

“அன்னைக்குச் சாயங்காலம் காப்பி கொண்டுபோனேன். படுத்திருந்தவ எந்திரிச்சு உக்காந்தா. என்னைப் பாத்து, சீனி போட்டியளான்னு கேட்டா. அத்தனை மாசத்துல ஒரு தடவை கேக்காதவ, அன்னைக்குக் கேட்டா.”

“நீங்க?”

குற்றாலிங்கம் கம்பியைக் கை மாற்றிக்கொண்டார். துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

“போட்டிருக்கேன், காய்ச்சல்ல ஒன் நாக்குதான் செத்துப்போச்சுன்னேன். அவ கொஞ்ச நேரம் என் மூஞ்சியப் பாத்தா. சரி, இருக்கும்னு சொன்னா. மிச்சம் வைக்காமக் குடிச்சா. அதுக்குப் பொறவு என்கிட்ட அவ பேசுன பேச்சு ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லை. நாப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்திட்டு, கடைசியா அவளுக்கு நான் குடுத்தது ஒரு பொய். அது பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே போயிட்டா. எல்லாம் தெரிஞ்சவ, அன்னைக்கு மட்டும் ஏன் கேட்டா, அம்மை?”

அறுபத்து நாலு வயது மனிதர் ஓடைக்கரையில் நின்று அழுதார். பெரிதாகச் சத்தம் வரவில்லை. கம்பியைக் கீழே போடாமல் நெஞ்சோடு பிடித்திருந்தார்.

அம்மை எழுந்தார். சேலையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினார்.

“நாளைக்குக் காலையில எனக்குக் காப்பி கொண்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்தது. குற்றாலிங்கம் பால் காய்ச்சினார். டிக்காஷனை ஊற்றினார். சீனி டப்பா அலமாரியில் இருந்த இடத்தில் இருந்தது, அவர் அதைத் தொடவில்லை. காப்பியை ஆற்றிக் கொண்டுபோய் வைத்தார்.

“சீனி போட்டியளா?”

குற்றாலிங்கம் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றார். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை விழுங்க அவருக்கு வெகு நேரம் பிடித்தது. அம்மை டம்ளரை எடுக்காமல் காத்திருந்தார்.

“போடலை” என்றார் குற்றாலிங்கம்.

“சரி.”

அம்மை டம்ளரை எடுத்தார். எப்போதும் போல நிதானமாகக் குடித்தார். அடியில் ஒரு சொட்டு மிச்சமில்லை. டம்ளரை வைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்றார்.

“உங்களுக்கு முன்னமே தெரியுமா, அம்மை?”

“முதல் நாளே தெரியும். எனக்கும் நாக்கு இருக்கு.”

“தெரிஞ்சுமா தினமும் கேட்டிய?”

“நீங்க சொல்லணும்லா.”

குற்றாலிங்கம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து தன்னைப் பார்த்துக் கேட்டவளின் முகம் அவர் கண்முன் வந்தது. அந்த முகத்தில் கோபம் இல்லை. அவர் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள். இத்தனை நாளும் அதை எத்தனையோ முறை நினைத்துப் பார்த்திருக்கிறார். காத்திருந்தாள் என்பது அவருக்கு இப்போதுதான் தெரிந்தது.

“ரெண்டு நாளா வயித்துல ஒண்ணும் இறங்கலை, அம்மை” என்றார். மன்றாடுகிற குரல். “காப்பியாவது உள்ள போகட்டும்னுதான் சொன்னேன். போடலைன்னு சொன்னா, அவ அதைக் குடிச்சிருப்பாளா?”

அம்மை டம்ளரைக் கழுவ எழுந்தார். வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்.

“ஏழு மாசமா அதைத்தானய்யா குடிச்சாவ.”