பத்து எண்ணும் அப்பா

“அடிக்கறத நிறுத்தி அஞ்சு மாசமாச்சுங்க மேடம். புள்ளைக்கு இன்னும் பயம் போகலீங்க.”

சொல்லிவிட்டுச் சென்னியப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

கிரில் பட்டறைக்காரர். பெற்றோருக்கான வகுப்பில் பதினோரு அம்மாக்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்த ஒரே அப்பா. மகள் கையிலிருந்த தழும்பைப் பார்த்துப் பள்ளிக்கூடத்தில் அனுப்பிவைத்தார்கள். வேண்டாவெறுப்பாகத்தான் வந்தார். ஆனால் அவரைப் போல ஒரு வரி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்டவர் யாருமில்லை.

வகுப்பு எடுப்பவள் ஜெசிந்தா. அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். மற்றவர்கள் கிளம்பிப் போயிருந்தார்கள்.

“சொன்னதெல்லாம் செய்றீங்களாண்ணா?”

“ஒண்ணு விடலீங்க. கோபம் வந்தா பத்து எண்ணச் சொன்னீங்க. எண்ணிட்டுத்தான் வாயத் தொறக்கறேன். நேத்துக்கூடப் பாலக் கொட்டிட்டா. பத்து எண்ணி முடிச்சு, பரவால்ல சாமின்னுதான் சொன்னேன்.”

“அவ என்ன பண்ணுனா?”

“நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க. ஒம்பது வயசுப் புள்ள.”

அழத் தெரியாத மனிதர். மூக்கை மட்டும் உறிஞ்சினார். பார்க்கவே பாவமாக இருந்தது.

ஜெசிந்தா யோசித்தாள்.

“எப்படி எண்ணுவீங்க? எனக்கு எண்ணிக் காட்டுங்க.”

அவர் நிமிர்ந்தார். உதட்டை இறுக்கிக்கொண்டார். அவளையே பார்த்தபடி மனசுக்குள் எண்ண ஆரம்பித்தார்.

பத்து வரவில்லை. அதற்குள் ஜெசிந்தா தன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளியிருந்தாள்.

“போதும்ணா.”

பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

“முன்னெல்லாம் அடிக்கறதுக்கு முன்னாடி கத்துவீங்களா?”

“கத்த மாட்டேனுங்க. எங்கப்பன் கத்துவாரு, எனக்கு அது ஆகாது. நான் பேசாம, இப்படியே கொஞ்ச நேரம் பார்ப்பேன். அப்புறந்தான்...”

நிறுத்திவிட்டார்.

“மொத நாளே இதக் கேட்டிருக்கணும்,” என்றாள் ஜெசிந்தா. “எல்லாருக்கும் சொல்றதையே உங்களுக்கும் சொல்லிட்டேன்.”

“அப்ப இந்த அஞ்சு மாசமும் தெனம்...”

“ஆமாண்ணா.”

“இனி நான் என்ன பண்றதுங்க மேடம்?”

ஜெசிந்தா படித்த படிப்பில் அது இல்லை.

“தாரிகா வெளிய பெஞ்சுலதான உக்காந்திருக்கா? போய்ப் பேசுங்க. எண்ணாம பேசுங்க.”

சென்னியப்பன் ஓடினார். மகள் முன்னால் மண்டிபோட்டார். சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அவளையே பார்த்தார். ஒரு வார்த்தை வரவில்லை.

தாரிகா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, உடையாதபடி பெஞ்சின் ஓரமாக வைத்தாள். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.