மூன்றாவது சீல்

நாச்சிமுத்துவின் லாரியில் மறுபடியும் பின்சக்கரத்து நடுக்குடமான ஹப்பில் எண்ணெய் கசிந்தது.

சங்ககிரி பைபாஸ் ஓரம் அவருக்குச் சொந்தப் பட்டறை. ஊர் லாரிகளுக்கெல்லாம் வைத்தியம் பார்த்த மனுஷன். தன் லாரிக்கு மட்டும் எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான சீலை இரண்டு முறை மாற்றிப் பார்த்துவிட்டார், இரண்டும் நிற்கவில்லை. எண்ணெய் இறங்கி பிரேக் லைனிங்கை நனைத்தால் மலை இறக்கத்தில் வண்டி நிற்காது. அதனால் மூன்றாவது சீலும் வாங்கியாயிற்று. கடைக்காரன் இப்போதெல்லாம் அவர் தலையைக் கண்டதுமே சிரிப்பை அடக்கப் படாதபாடு படுகிறான்.

அன்று அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலம் போய் வந்த சூடு ஆறுவதற்குள் சக்கரத்தைக் கழற்றிவிட்டார். ஸ்பேனரை எடுப்பார், வைப்பார், வீட்டுப் பக்கம் பார்ப்பார். வீட்டில் பாவாயி துணிமணியைப் பையில் எடுத்து வைத்திருந்தாள்.

"இன்னொருக்கா எம்மேல எரிஞ்சு உழுந்தீங்கன்னா எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிருவேன். அப்பறம் வரமாட்டேன்" என்று காலையில் சொல்லியிருந்தாள். பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை அவள்.

நாச்சிமுத்து ஆள் அனுப்பியிருந்ததால் சாமியார் வந்தார். மலையடிவாரத்து மடத்தில் இருப்பவர். நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர். குருவே சிஷ்யனை அண்ணா என்று கூப்பிடுவதை ஊர் கேலி செய்தது. இருவருக்கும் அது உறைக்கவில்லை.

"எனக்கு ஒரு வழி சொல்லோணும் சாமி."

"எதுக்குங்கண்ணா?"

"இந்த வாயை அடைக்கறதுக்கு."

சாமியார் பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்தார்.

"வியாழக்கிழமை மௌனம் இருந்து பாத்தேன். வெள்ளிக்கிழமை ரெண்டு நாள் கோவத்தையும் சேத்துக் கொட்டிட்டேன். கோவம் வந்தா கிராம்பக் கடின்னு ஒருத்தன் சொன்னான். கிராம்பு டப்பாதான் காலியாச்சு. பாவாயி பையைக் கட்டிட்டாளுங்க. நல்லாக் கெட்டியா ஒண்ணு சொல்லுங்க."

"எப்ப இருந்து இப்படி வருதுங்க?"

நாச்சிமுத்து காதில் விழாதவர்போல் சுத்தியலைத் தேடினார். சுத்தியல் அவர் கையில்தான் இருந்தது.

எப்போதிருந்து என்பது ஊருக்கே தெரியும். போன தை மாதம் மஞ்சள் காமாலையில் அவருடைய ஒரே மகன் போய்விட்டான். இந்த லாரியை ஓட்டியவன் அவன்தான். கேபினின் நெற்றியில் பெரிதாக அவன் பேர் எழுதியிருந்தது. கருமாதி முடிந்த கையோடு நாச்சிமுத்து பெயிண்ட் கன்னை எடுத்து, மேலே கீழே என்று பாராமல் வண்டி முழுக்க ஒரே பச்சையாக அடித்துத் தீர்த்தார். பேர் மறைந்தது. அதற்குப் பிறகு அந்தப் பேரை அவர் சொன்னதில்லை. பாவாயி சொன்னால் பாய்ந்தார். ஒரு சொட்டு அழவும் இல்லை. கல்நெஞ்சு என்றார்கள். சொல்கிற வாய் வரியா கட்டுகிறது?

சாமியார் குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தார். லாரியைப் பற்றி அவருக்கு ஏறத் தெரியும், இறங்கத் தெரியும், அவ்வளவுதான்.

"ஏனுங்கண்ணா, வண்டி ஓடுனா உள்ள இருக்கற எண்ணெய் சூடாகுமுங்களா?"

"கொதிக்குமுங்க."

"சூடானா காத்து உப்புமே. உள்ள இருக்கற காத்து எங்க போகும்?"

நாச்சிமுத்துவுக்கு எரிச்சல் வந்தது. கிராம்பு இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் ஆக்ஸிலுக்கு மேல மூச்சுத் துவாரம் வச்சிருக்குதுங்களே. காத்து அதுவழியாப் போயிரும். அது போகலீன்னா எந்தச் சீலு வந்தாலும் எண்ணெயைப் பிதுக்கிட்டு..."

பேச்சு நின்றது.

சுத்தியலைப் போட்டுவிட்டு வண்டிக்கு அடியில் புகுந்தார். சக்கரங்களைத் தாங்கும் அந்த ஆக்ஸில் மேல் சுண்டுவிரல் நுனி அளவுக்கு மூச்சுத் துவாரத்துக் குமிழ். அதன் வாயில் பச்சைப் பெயிண்ட் உறைந்து கெட்டியாக மூடியிருந்தது.

கம்பி முனையால் சுரண்டினார். புஸ்ஸென்று காற்று வெளியேறியது. நெடுநேரம் வெளியேறியது. ஹப்பின் ஓரத்தில் சொட்டிக்கொண்டிருந்த எண்ணெய் மெல்ல மெல்ல நின்றது.

நாச்சிமுத்து எழுந்திருக்கவில்லை. மல்லாந்தபடியே கிடந்தார்.

"நாந்தானுங்க சாமி அடைச்சிருக்கேன். என் கையாலயே."

சாமியார் டயரை விட்டு எழுந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து நாச்சிமுத்து வெளியே வந்தார். கையைத் துடைத்தார், துடைத்த கையையே மறுபடி துடைத்தார். வீட்டுப் பக்கம் பார்த்தார். வாசலில் பாவாயி பையோடு நின்றிருந்தாள்.

"சீலு இனி நிக்குமுங்க. அது போகட்டும். என் வாய்க்கு ஒரு வழி சொல்லுங்க சாமி. அவ கெளம்பீட்டா."

சாமியார் நடந்து லாரியின் முன்பக்கம் போனார். நாச்சிமுத்துவும் பின்னால் போனார். சாய்வெயில் கேபினின் நெற்றியில் விழுந்தது. பச்சைக்கு அடியில் பழைய எழுத்துகளின் விளிம்பு மேடாகத் தெரிந்தது. அந்தப் பேர் சாமியாருக்குத் தெரியாததல்ல.

"ஏனுங்கண்ணா," என்றார், "பையன் பேரு என்னங்க?"